அரபுப் பக்கத்தில் நான் சேர்த்த வரி

தம்பி,

வியாழக்கிழமை கொழும்பில் நீ கையெழுத்து வைக்கப்போகும் ஒப்பந்தம் பதினாறு பக்கம் என்று சொன்னாய். பதினாறையும் வாசித்தாயா என்று கேட்டேன். "ஓமம்மா, ஓம்" என்றாய். நீ இரண்டு முறை ஓம் சொன்னால் வாசிக்கவில்லை என்பது எனக்கு உன் ஆறாம் ஆண்டிலிருந்து தெரியும். ஆனாலும் இந்தக் கடிதம் அந்தப் பதினாறு பக்கத்துக்காக எழுதப்படவில்லை. நாங்கள் அரபு மொழியில் போட்ட இணையத்தளம் ரிஸ்வானா ரீச்சரின் மொழிபெயர்ப்பால் கெட்டுப்போனது என்று நீ நம்புகிறாய். அதனால்தான் அவரை நிறுத்தினாய். அதனால்தான் இப்போது பதினொரு இலட்சத்துக்கு ஒரு நிறுவனத்தைப் பிடித்திருக்கிறாய். அந்தத் தளத்தைக் கெடுத்த வரியை ரீச்சர் எழுதவில்லை. நான் எழுதினேன்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் நாலு சொல்லில் முடிப்பேன். நீ "சரி விடுங்கோ" என்பாய். விடயம் அத்துடன் மூடப்படும். மூடக்கூடாது. நீ ரீச்சரைப் பற்றி எழுதியதை வடக்கின் சிறு ஏற்றுமதிக்காரர் இருக்கும் வட்ஸ்அப் குழுவில் எல்லோரும் வாசித்திருக்கிறார்கள். அவர்கள் வாசித்த இடத்திலேயே இதுவும் வாசிக்கப்பட வேண்டும். ஆகவே உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் தெரியாதவர்களுக்காக இதில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

கொடிகாமத்தில் எங்களுடையது ஒரு சிறிய உலர்த்தும் கொட்டில். முருங்கையிலையைக் காலையில் வாங்கி, கழுவி, நிழலிலும் சூரிய உலர்த்தியிலும் காயவைத்து, தூளாக்கிப் பொதி செய்கிறோம். இலை வாங்குவதும் ஆட்களைப் பார்ப்பதும் உன் அப்பா. தூளைச் சோதிப்பது நான். தாவரவியல் படித்துவிட்டு இலை காயவைக்கிறாள் என்று என் சொந்தத்தில் சிலர் சிரித்தார்கள். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. கணினிப் படிப்பு முடித்து வந்த நீ, அரபு நாடுகளில் இந்தத் தூளை மூட்டைக் கணக்கில் வாங்கி மூலிகைத் தேயிலையாக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன என்றும், அவர்கள் ஆங்கிலத் தளத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், தங்கள் மொழியில் இருந்தால்தான் நின்று பார்ப்பார்கள் என்றும் சொன்னாய். எனக்கு நம்பிக்கை வரவில்லை. எவ்வளவு முடியும் என்று கேட்டேன். தளத்தின் பெயருக்கும் அது இணையத்தில் இருக்கும் இடத்துக்கும் வருடா வருடம் கட்டுவது, வலமிருந்து இடமாகத் திரும்பும் வடிவமைப்பு, ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று மொழிபெயர்ப்பு, எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்துக்குள் வரும் என்றாய். வருடா வருடம் என்ற சொல்லை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன். "ஒருக்கா வாங்கினால் எங்கடை இல்லையோ?" என்று கேட்டேன். "காணி இல்லையம்மா, வாடகை வீடு மாதிரி" என்றாய். வாடகை வீட்டுக்கு வர்ணம் பூசுகிறவனை நான் அதுவரை கண்டதில்லை என்று சொன்னேன். நீ சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினாய்.

ரீச்சரை நீதான் தேடிப் பிடித்தாய். யாழ்ப்பாணத்தில் சோனகத் தெருப் பக்கம் இருக்கிறார். பிள்ளைகளுக்கு அரபு படிப்பிக்கிறார். ஏற்றுமதிக்காரருக்கு அரபில் கடிதம் எழுதிக் கொடுப்பது மேலதிக வேலை. முதல் நாள் கொட்டிலுக்கு வந்து உன் மாதிரிப் பக்கத்தைக் கணினியில் பார்த்துவிட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது நினைவிருக்கும். எழுத்தை வலமிருந்து ஓடவிட்டிருந்தாய். படங்களை இடமிருந்து வைத்திருந்தாய். மரம், பறித்த இலை, காய்ந்த இலை, தூள் என்று நீ வரிசைப்படுத்தியது அவர்களுடைய கண்ணுக்கு எதிர்த்திசையில் ஓடியது. "தம்பி, உங்கடை தூள் திரும்பி மரமாப் போகுது" என்றார். உன் அப்பாவுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "அப்ப நட்டமில்லை, வித்துப்போட்டுத் திருப்பி நடலாம்" என்றார். நான் சிரிக்கவில்லை. முதல் நாளே குறை கண்டுபிடிக்கிற ஆள் கூலியை ஏற்றத்தான் வழி பார்க்கிறார் என்று நினைத்தேன்.

பிள்ளையார் படத்திலும் அப்படித்தான். அரைக்கும் இயந்திரத்துக்கு மேலே திருநீறு பூசிய பிள்ளையார் இருக்கிற புகைப்படத்தை நீ தளத்திலிருந்து எடுத்துவிட்டாய். ரீச்சர் சொல்லித்தான் எடுத்தாய் என்று நினைத்து நான் உன்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. பிறகுதான், அவர் அதைப்பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்றும், வாங்க வருகிறவனுக்கு இயந்திரம் தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக நீயாக வேறு படம் எடுத்தாய் என்றும் தெரிந்தது. தெரிந்தபிறகும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சந்தேகம் தப்பாகிப் போனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு யாரும் பழக்கவில்லை. அது இன்னொரு சந்தேகத்தின் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

குவைத்திலிருந்து ஒரு கொள்வனவாளர் தொடர்புகொண்டது தளம் போட்டு இரண்டாம் மாதம். மூன்று கிழமை குரல் செய்தியில் கதைத்தீர்கள். அவர் அரபில் பேசுவார், ரீச்சர் உனக்குத் தமிழில் சொல்லுவார், நீ சொல்வதை ரீச்சர் அரபில் பேசி அனுப்புவார். ஒவ்வொரு செய்தியும் சுகம் விசாரித்துத்தான் தொடங்கும். அப்பாவின் முழங்கால் நோவை நீ ஒரு தரம் சொல்லிவிட்டாய். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் முழங்கால் எப்படி என்று கேட்டார்.

"கொப்பரின்ரை முழங்காலைப் பற்றி குவைத்திலை இருக்கிறவனுக்கு என்ன கவலை? விலையைக் குறைக்கப்போறான்" என்றேன்.

"அவை அப்பிடித்தானம்மா. முதல் ஆளை அறிஞ்சுதான் பிறகு வியாபாரம். வெள்ளியும் சனியும் லீவு, ஞாயிறு கதைப்பினம். நாங்கள்தான் அவையின்ரை நாளுக்கு ஏத்த மாதிரி நிக்கவேணும்."

"சுகம் கேட்டிட்டு விலை கேக்கிறவன் சுகம் கேக்கேல்லை."

எனக்கு அப்போது அது நல்ல வாக்கியமாகத்தான் பட்டது.

நான் ஏன் அப்படி இருந்தேன் என்பதற்கு ஒரு காரணம் சொல்லலாம். நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒருவர் வந்தார். வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் என்றார். உன் அப்பா அவருக்குக் கொட்டில் முழுவதையும் சுற்றிக்காட்டினார். நான் என் உலர்த்தும் சூட்டையும் நேரத்தையும் சொன்னேன். படித்த மனிதர், கேள்விகளைச் சரியாகக் கேட்டார், எனக்கு அது பிடித்திருந்தது. ஐந்து கிலோ மாதிரித் தூள் வாங்கிப் போனார். அடுத்த வருடம் அதே முறையில், அதே நிறத்தில், அவருடைய தூள் கடைகளில் வந்தது. அன்றிலிருந்து எங்கள் தமிழ் விளம்பரத் தாளிலும் ஆங்கிலத் தளத்திலும் முதல் வரி என்னுடையது: முழுப்பணமும் முன்கூட்டியே செலுத்தவேண்டும், மாதிரி வழங்கப்படமாட்டாது. எங்கள் ஊரில் யாரும் அதற்குக் கோபிக்கவில்லை. இங்கே கடைக்குள் நுழையும்போதே 'கடன் கேட்காதீர்கள்' என்ற பலகையைத்தான் முதலில் வாசிக்கிறோம்; வாசித்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்துக் கதைக்கிறோம். நிபந்தனையை முகத்தில் சொல்வது எங்களுக்கு நேர்மை. அரபுத் தளத்திலும் முதல் வரி அதுவாகத்தான் இருக்கவேண்டும் என்று உன்னிடம் சொன்னேன். நீ தலையாட்டினாய். நீ தலையாட்டியது ஆமென்றா இல்லையென்றா என்று நான் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நீ உடுப்பிட்டியில் சிநேகிதனின் கலியாண வீட்டுக்குப் போயிருந்தாய். ஆங்கில மின்னஞ்சல்களுக்கு நான் பதில் எழுதுவதால் தளத்தின் கடவுச்சொல் என்னிடம் இருந்தது. அரபுப் பக்கத்தைத் திறந்து, கைத்தொலைபேசியின் மொழிபெயர்ப்பை அதன்மேல் பிடித்தேன். வரவேற்பு, நலம் விசாரிப்பு, எங்கள் குடும்பம் இதைச் செய்கிறது என்று ஒரு பந்தி, கேட்டால் மாதிரி அனுப்பிவைப்பது எங்களுக்கு மகிழ்ச்சி என்று ஒரு வரி. என் நிபந்தனை இல்லை. அந்தப் பெண் தன் விருப்பத்துக்கு எதையோ எழுதிவிட்டு உன்னிடம் காசு வாங்கியிருக்கிறாள் என்று உடனே முடிவு செய்தேன். அவள் என்றுதான் மனத்தில் நினைத்தேன். உன்னிடம் கேட்கவில்லை. அவரிடமும் கேட்கவில்லை. என் வரியைத் தமிழில் சொல்லி, கைத்தொலைபேசி தந்த அரபை எடுத்து, முதற்பக்கத்தின் உச்சியில் சிவப்புக் கட்டத்துக்குள் ஒட்டினேன். ஒட்டிவிட்டு, இனிப் பயமில்லை என்று போய்த் தேத்தண்ணி போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குவைத்திலிருந்து செய்தி வரவில்லை. புதன்கிழமை ஆங்கிலத்தில் இரண்டு வரி வந்தது. வேறு இடத்தில் ஒழுங்கு செய்துவிட்டோம், நன்றி. முழங்காலைப் பற்றி ஒன்றும் இல்லை. கண்டாயா என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த நேரம்கூட என் வரியை நான் நினைக்கவில்லை.

நினைத்தது, என்ன பிழை என்று பார்க்க நீ கூப்பிட்ட அந்தக் கொழும்பு நிறுவனத்தின் ஆள் காணொளி அழைப்பில் எங்கள் தளத்தைத் திறந்து, "இதை எழுதினவர் உங்கட கஸ்டமருக்கு ஏசியிருக்கிறார்" என்று சொன்னபோது. நான் உனக்குப் பின்னால் நின்று பொதிகளுக்கு வாய் ஒட்டிக்கொண்டிருந்தேன். நீ உடனே ரீச்சருக்கு அழைப்பெடுத்தாய். ஒலிபெருக்கியில் போட்டிருந்தாய். "அது நான் எழுதினதில்லை தம்பி" என்றார். "அப்ப ஆர் எழுதினது, பேயோ?" என்றாய். அவர் "உங்கடை வீட்டிலை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றார். நீ அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு தொலைபேசியை வைத்தாய். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "கேட்டனீங்களே அம்மா, கதையை?" என்றாய். "கேட்டனான்" என்றேன். அந்த ஒரு சொல்தான் சொன்னேன். அடுத்த பொதியை எடுத்து ஒட்டினேன். அன்றிரவு நீ குழுவில், இந்த ஆளிடம் அரபு வேலை கொடுக்கவேண்டாம், ஏமாந்துபோவீர்கள் என்று பெயரோடு எழுதினாய். அதையும் நான் வாசித்தேன். இது நடந்து பதினேழு நாள். பதினேழு நாளும் நான் வாய் திறக்கவில்லை.

இதற்கு முன்பும் ஒருமுறை இப்படி இருந்திருக்கிறேன். நீ பதினோராம் ஆண்டு படித்தபோது ரியூசனுக்குத்தான் போகிறாயா என்று பார்க்க பஸ் ஏறி வந்து, வகுப்பு நடந்த கொட்டகைக்கு எதிரே கடையோரம் நின்றேன். நீ மூன்றாவது வாங்கில் இருந்து எழுதிக்கொண்டிருந்தாய். தலையை நிமிர்த்தினாய், கண்டாய், திரும்ப எழுதத் தொடங்கினாய். வீட்டுக்கு வந்தபிறகு நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கே போனாலும் நீயாக நேரத்தையும் இடத்தையும் ஒப்புவித்துவிட்டுப் போவாய். நான் அதை ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

நேற்றுக் காலை பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போனேன். உன் அப்பாவிடம் ஆய்வுகூடத்துக்கு என்று சொன்னேன், அதுவும் பொய். ரீச்சர் கதவைத் திறந்து, என்னைக் கண்டு வியக்கவில்லை. இருக்கச் சொன்னார். பிளேன்ரீ வந்தது. நான் குடிக்காமல் சொன்னேன்.

"அந்த வரியை நான்தான் போட்டனான்."

"தெரியும் அக்கா."

"எப்பிடித் தெரியும்?"

"தம்பியெண்டால் மெசினிட்டைக் கேட்டு எழுதியிருக்க மாட்டார், என்னட்டைக் கேட்டிருப்பார். அந்த வீட்டிலை என்னட்டைக் கேக்க விருப்பமில்லாத ஆள் ஒராள்தான்."

"பிறகு ஏன் சொல்லேல்லை?"

"ஒரு மகனுக்கு உன்ரை தாய்தான் செய்தவ எண்டு நான் சொல்லுறதோ? சொன்னாலும் ஆர் நம்பப்போயினம்? கேட்டுப் பாருங்கோ எண்டன். அதுவே கூடிப்போச்சு."

நான் போட்டதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். தன் கைத்தொலைபேசியில் வைத்திருந்தார். தமிழில் வாசித்துக் காட்டினார்: முதலில் காசு கட்டு. கட்டாவிட்டால் ஒன்றும் அனுப்பமாட்டோம். மாதிரி கேட்காதே. "கோட்டிலை நீதவான் போட்ட கட்டளை மாதிரி இருக்கு அக்கா. வீட்டுக்கு வந்த ஆளை வாசலிலை மறிச்சு மடியை அவிழ்த்துக் காட்டச் சொன்ன மாதிரி. மூண்டு கிழமை சுகம் கேட்டுக் கதைச்ச மனிசன், திறந்து பாக்க இது சிவப்பிலை நிக்குது." என் நிபந்தனையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் அவர் கொஞ்சம் கோபித்தார். "விடேல்லையே. நாலாம் பக்கத்திலை வடிவா இருக்கு. முற்பணம் எவ்வளவு, எப்ப கட்டுறது, மாதிரி அரைக்கிலோவுக்கு மேலை இல்லை, அதுக்கும் விலை உண்டு, எல்லாம் தம்பி எழுதித் தந்தபடி. நீங்கள் நாலாம் பக்கம் பாக்கேல்லையோ?"

பார்க்கவில்லை. ஒரு மூட்டை இலைத் தூள் வந்தால் மேலே, நடுவே, அடியிலே மூன்று இடத்தில் மாதிரி எடுக்காமல் ஈரப்பதன் எழுதக்கூடாது என்று கொட்டிலுக்கு வேலைக்கு வந்த எத்தனை பெட்டையளுக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மேல்வாயில் மட்டும் கைவைத்துவிட்டு ஒரு ஆளைப் பழுது என்று எழுதிவிட்டேன். சந்தேகப்பட்டது பிழை என்று இன்றும் நான் சொல்லமாட்டேன். சந்தேகப்பட்டுவிட்டுக் கேட்காமல் விட்டதுதான் பிழை. சந்தேகப்படுகிறவள் கேட்கவேண்டும், முழுதாகத் தேடவேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. எனக்குத் தேவைப்பட்டது கிடைத்தவுடன் நிறுத்திக்கொண்டேன்.

உன் குழுச் செய்திக்குப் பிறகு குருநகரில் மீன் அனுப்புகிற ஒருவர் ரீச்சரிடம் கொடுத்திருந்த தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார். பழத்தூள் செய்கிற இன்னொருவர் தொலைபேசி எடுப்பதில்லை. இதை அவர் முறைப்பாடாகச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குச் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லோரோடும் அவருடைய குடும்பமும் யாழ்ப்பாணத்தைவிட்டுப் போகவைக்கப்பட்டபோது அவருக்கு ஏழு வயது, எனக்குப் பதினான்கு. அன்று எங்கள் வீட்டில் யாரும் வெளியே வந்து ஒன்றும் கேட்கவில்லை. அவர் அதையும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நானாக நினைத்தேன்.

இனி அந்த நிறுவனம். என் பிழையை ஒப்புக்கொண்டதால் அவர்களை நம்பத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்காதே. அவர்கள் அனுப்பிய மாதிரிப் பக்கத்தைப் பார்த்தேன். மணல், ஒட்டகம், பொன்னிற விளக்கு. பிறகு எங்கள் தூள். குளிரூட்டிய காரியாலயத்தில் இருந்து பரிசோதனை அறிக்கை கேட்கிற மனிதனுக்கு ஒட்டகத்தை ஏன் காட்டுகிறார்கள்? உனக்குக் கணினி விற்க வருகிறவன் பனைமரத்தையும் மாட்டுவண்டியையும் போட்டு வந்தால் வாங்குவாயா? விலைப்பட்டியலில் 'பண்பாட்டுக்கு ஏற்ற சந்தைப்படுத்தல்' என்று மூன்று இலட்சம் தனியாக இருக்கிறது. உங்களிடம் அரபு வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று அந்த ஆளிடம் கேட்டேனே, நினைவிருக்கிறதா? "அன்ரி, அதுக்கு எங்களிட்ட சிஸ்டம் இருக்கு" என்றான். நீ என்னை முறைத்தாய். அந்த சிஸ்டம் எது என்று இப்போது நான் ஊகிக்கிறேன். என் கைத்தொலைபேசியிலும் அது இருக்கிறது. என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். ஆகவே இந்தமுறை கேட்டுவிட்டு முடிவு செய். ஞாயிற்றுக்கிழமை வரும் செய்திக்கு யார் பதில் எழுதுவார், நோன்பு மாதத்தில் எந்த நேரம் கதைப்பார்கள், ஒப்பந்தம் முடிந்தால் தளத்தின் பெயர் யாரிடம் இருக்கும் என்று கேள். பெயர் உடன்படிக்கை உள்ளவரை மட்டும் உன்னுடையது என்று ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. நீ அனுப்பிய பிரதியை நான் பதினாறு பக்கமும் வாசித்தேன். அவர்களுக்குப் போகும் பதினொரு இலட்சம் இரண்டாவது உலர்த்திக்கு வைத்திருக்கும் பணம். கொடுப்பதும் விடுவதும் உன் முடிவு. ஆனால் நான் செய்த பிழைக்கு மருந்தாக அதைக் கொடுக்காதே.

குவைத்துக்காரருக்கு ஒரு விளக்கம் எழுதித் தரமுடியுமா என்று ரீச்சரைக் கேட்டேன். முதலில் குழுவுக்கு எழுதுங்கோ, பிறகு பாப்பம் என்றார். எழுதினாலும் குவைத்துக்காரர் திரும்பி வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புதுத் தளம் வரும்தானே என்று நீ விட்டுவைத்திருந்த சிவப்புக் கட்டத்தை நேற்றுப் பின்னேரமே எடுத்துவிட்டேன். கடவுச்சொல்லை மாற்றிவிடு, புதியதை எனக்குத் தராதே.

மேலே உள்ளதை நேற்று எழுதினேன். இன்று புதன்கிழமை காலை இதை ரீச்சரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் ஒரு இடத்தை மட்டும் எடுக்கச் சொன்னார். அவர் பொறுமையானவர், பெருந்தன்மையானவர் என்று ஒரு பந்தி எழுதியிருந்தேன். "அது வேண்டாம் அக்கா. நான் நல்லவள் எண்டு நீங்கள் சொல்லத் தேவையில்லை. அதை நான் எழுதேல்லை எண்டு இருந்தாக் காணும்" என்றார். எடுத்துவிட்டேன்.

இந்தக் கடிதம் உனக்கு இப்போது வரும். பின்னேரம் நாலு மணிக்கு என் பெயரோடு குழுவில் போடுவேன். அதற்கு முன்னர் நீ ரீச்சருக்கு அழைப்பெடுக்க நினைத்தால் எடு. என்னால் நேர்ந்தது என்று சொல்லித் தப்பிக்காதே. பேய் என்று சொன்னது நீ, பெயரை எழுதியது நீ. அவர் எடுக்காமல் விடவும் கூடும். விட்டால், திரும்பத் திரும்ப அடித்துத் தொந்தரவு செய்யாதே. அவருடைய வீடு எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.

அம்மா